தயிருக்குள் இருக்கும் தண்ணீர்

பழம் கலந்த கட்டித் தயிரைச் சின்ன வில்லைகளாக ஃப்ரீசரில் உறைய வைத்து, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுக்கும் தின்பண்டத்தை இப்போது அறியாத பிள்ளைகள் இல்லை. ஓவன் வேண்டாம், முட்டை வேண்டாம், மாவு வேண்டாம். கைபேசி வீடியோவில் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வீட்டில் செய்து பார்த்தவர்கள் என்னிடம் சொல்லும் குறைகள் மட்டும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தயிர் கல்லாக இறுகிவிட்டது, பல்லில் ஐஸ் நறநறக்கிறது, சாக்லேட் தோல் தனியாக உரிந்து விழுகிறது, அதற்கும் முன்னாலேயே உருக்கும் பாத்திரத்தில் சாக்லேட் கட்டிதட்டிப் போகிறது. கோடை விடுமுறை தோறும் எங்கள் வீட்டில் இதைச் செய்துவருகிறேன். இந்தக் குறைகள் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: தண்ணீர். அது எங்கே இருக்கிறது, எங்கிருந்து வந்து சேருகிறது என்று பார்த்துவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்த மாதிரி.

தயிரிலிருந்து தொடங்குவோம். பசும்பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர். உறை ஊற்றித் தயிராக்கினாலும் அந்தத் தண்ணீர் எங்கும் போவதில்லை, பால் புரதம் பின்னிய வலைக்குள் சிக்கிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அப்படியே ஃப்ரீசரில் வைத்தால் அது பெரிய பனிப்படிகமாக உறையும். நாக்கில் நறநறப்பது அந்தப் படிகம்தான். எனவே பாலைத் தேர்ந்தெடுப்பதிலேயே கவனம் தேவை. ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. இந்த வேலைக்கு ஆரஞ்சுதான். கொழுப்பு கூடக் கூட, தண்ணீர் ஒன்றுசேர்ந்து பெரிய படிகமாக வளர இடம் குறைகிறது. எங்கள் அத்தை இதற்கெல்லாம் கணக்குப் பார்ப்பதில்லை. “எருமைப் பால்ல உறை ஊத்திப் பாரு கண்ணு, பாதி வேலை மிச்சமாகும்” என்பார். கிடைத்தால் அதைவிட மேலானது ஒன்றும் இல்லை. கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட எருமைப்பாலில் அதிகம், தயிரும் கத்தியால் வெட்டலாம் என்ற பதத்தில் உறைகிறது.

தயிர் உறைந்த உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் சமையலறை மேடையில் இரண்டு மணி நேரம் கூடுதலாக இருந்தால்கூடப் புளிப்பு ஏறிவிடும். புளித்த தயிரை எத்தனை இனிப்புப் போட்டாலும் மறைக்க முடியாது. நன்றாகக் குளிர்ந்ததும் சுத்தமான மல் துணியிலோ பழைய வேட்டித் துணியிலோ கொட்டி, முனைகளைச் சேர்த்துக் கட்டி, வடிகட்டியின் மேல் வைத்து, அடியில் ஒரு பாத்திரம் வையுங்கள். இந்த வடிப்பும் பெட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும். குழாயில் கட்டித் தொங்கவிடுகிற பழக்கம் குளிர்ந்த ஊர்களுக்குச் சரி, நம் வெயிலுக்கு ஆகாது. ஓர் இரவு போதும். ஒரு கிலோ தயிர் வைத்தால் காலையில் ஏறக்குறைய அரைக் கிலோ கெட்டித் தயிர் இருக்கும்.

துணியைப் பிரிக்கும்போது பதத்தைக் கையால் பாருங்கள். ஓரங்கள் துணியில் ஒட்டாமல் தகடாகப் பிரிந்து வரும், துணியின் இழைகள் தயிரின் மேல் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும். ஒரு கரண்டி எடுத்துக் கவிழ்த்தால் உடனே விழாது, மெதுவாக நழுவும். அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்னும் கெட்டியாகட்டும் என்று கல்லைத் தூக்கி மேலே வைத்துப் பிழிந்தால் தயிரின் வழவழப்புப் போய், உறைந்த பிறகு வாயில் மாவாகத் திரிகிறது. தண்ணீரைக் குறைக்க வேண்டும், ஒழிக்கக் கூடாது.

அடியில் வடிந்த வெளிர்மஞ்சள் தண்ணீரைத் தயவுசெய்து சிங்க்கில் கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசையலாம், மாவு மிருதுவாக வரும். உப்பும் பெருங்காயமும் போட்டு நீர்மோரில் சேர்க்கலாம். கடையில் கிரீக் யோகர்ட் என்று விற்பதும் வடித்த தயிர்தான், அவசரத்துக்கு அதையே வாங்கலாம். வாங்கும்போது பொருள் பட்டியலைப் படியுங்கள். சிலவற்றில் ஸ்டார்ச்சோ ஜெலட்டினோ சேர்த்துக் கெட்டியாக்கியிருப்பார்கள்.

அடுத்தது இனிப்பு. சர்க்கரை சுவைக்கு மட்டும் என்று நினைத்துக் கையைக் குறைக்கிறவர்களுக்குத்தான் தயிர் கல்லாகிறது. தண்ணீரில் கரைந்த சர்க்கரை அதன் உறைநிலையைத் தாழ்த்துகிறது. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் ஓடும்போதும் அந்தக் கரைசலில் ஒரு பகுதி முழுதாக உறையாமல் நிற்கும், கடிக்க முடிவது அதனால்தான். தேனில் இருக்கும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இதை இன்னும் நன்றாகச் செய்கின்றன. என் விருப்பம் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டி, அது நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண்ணும் தூசியும் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் வைத்துக் கம்பிப் பதத்துக்குச் சற்று முன்பு வரை சுண்டவிட்டு, முழுக்க ஆறவைத்துச் சேர்க்கிறேன். வடித்த தயிர் 400 கிராமுக்கு இந்தப் பாகு நான்கு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஏலக்காய். டார்க் சாக்லேட்டின் கசப்புக்கும் தயிரின் புளிப்புக்கும் நடுவே நின்று இரண்டையும் சேர்த்துவைப்பதில் கருப்பட்டிக்கு ஈடான இனிப்பு வேறு இல்லை. கலக்கும்போது ருசி பார்த்து, கொஞ்சம் கூடுதல் தித்திப்பாகத் தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். உறைந்த பிறகு நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும்.

பழம் என்ற பெயரில் தண்ணீர் மறுபடி உள்ளே வருகிறது. மாம்பழத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டால் ஒவ்வொரு துண்டும் தனித்தனி ஐஸ்கட்டியாகும். நார் இல்லாத பங்கனபள்ளியோ இமாம்பசந்தோ எடுத்து அரைத்து, அடிகனமான பாத்திரத்தில் பாதியாகச் சுண்டும் வரை கிளறி, ஆறியபின் கலந்தால் நிறமும் மணமும் இரட்டிப்பாகும், ஐஸ் கடிபடாது. நன்கு கனிந்த வாழைப்பழத்துக்கு இந்தப் பாடு வேண்டாம். மசித்துப் போட்டால் உறைந்த பிறகும் வெண்ணெய்ப் பதமாகவே இருக்கும். பச்சை அன்னாசியைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள புரோமெலைன் என்ற நொதி பால் புரதத்தைச் சிதைத்துத் தயிரைக் கசக்க வைத்துவிடும். பப்பாளியிலும் கிவியிலும் இதே வகை நொதிகள் உண்டு. அன்னாசிதான் வேண்டும் என்றால் வேகவைத்துச் சேருங்கள், சூட்டில் நொதி செயலிழந்துவிடும். வறுத்த வேர்க்கடலை, முந்திரி எல்லாம் தயிருக்குள் போனால் நமத்துப்போகும், அவற்றின் இடம் வெளியே, சாக்லேட்டின் மேல்.

வடிவத்துக்கு சிலிக்கான் அச்சு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் எவர்சில்வர் மினி இட்லித் தட்டு அருமையான அச்சு. அலுமினியத் தட்டு வேண்டாம், தயிரின் புளிப்பு அதைத் தின்னும். குழிகளில் லேசாக எண்ணெய் தடவி, கலவையை நிரப்பி, தட்டை மேடையில் இரண்டு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி வெளியேறும். உறைந்தபின் தட்டின் அடியைக் குழாய்த் தண்ணீரில் ஒரு நொடி காட்டினால் வில்லைகள் கழன்று வரும். ஈரத்தைத் துடைத்துவிட்டுத்தான் வில்லையைக் கவிழ்க்க வேண்டும். ஒவ்வொரு வில்லையும் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் உறைந்தால் படிகங்கள் சிறிதாக இருக்கும், தாமதமானால் பெரிதாக வளரும். உலோகத் தட்டு குளிரை வேகமாகக் கடத்துவதும், சின்ன வில்லை சீக்கிரம் உறைவதும் இந்த ஒரு காரணத்துக்காகவே முக்கியம். நான்கு மணி நேரத்தில் கெட்டியாகிவிடும் என்றாலும், முக்குவதற்கு முன் ஓர் இரவு விடுவதுதான் பாதுகாப்பு.

குளிர்ந்த பண்டத்தின் மேல் சாக்லேட்டை நிற்க வைப்பது நூறு வருடத்துக்கு முந்தைய சிக்கல். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஓனாவா என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு மிட்டாய்க் கடையும் நடத்திய கிறிஸ்டியன் நெல்சன், கடைக்கு வந்த சிறுவன் ஐஸ்கிரீமா சாக்லேட்டா என்று முடிவு செய்ய முடியாமல் நின்றதைப் பார்த்து, 1920இல் இரண்டையும் ஒன்றாக்க முயன்றார். உருகிய சாக்லேட் ஐஸ்கிரீமில் ஒட்டவில்லை. கோகோ வெண்ணெயைச் சேர்த்துப் பதத்தை மாற்றிய பிறகுதான் ஒட்டியது. 1922 ஜனவரியில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நாம் சின்ன வயதில் சாப்பிட்ட சாக்கோபார் அந்தக் குடும்பத்தில் வந்ததுதான்.

நமக்குக் கோகோ வெண்ணெய் தனியாக வேண்டாம், தேங்காய் எண்ணெய் இருக்கிறது. கோகோ வெண்ணெய் உருகுவது 34 டிகிரி வாக்கில், தேங்காய் எண்ணெய் உறைவதும் உருகுவதும் 24 டிகிரி வாக்கில். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கிறதே, அதே குணம்தான் இங்கே உதவுகிறது. சூடாக இருக்கும்போது சாக்லேட்டை இளக்கி மெல்லிசாகப் படியவைக்கும், உறைந்த தயிரைத் தொட்ட மாத்திரத்தில் இறுகும். 200 கிராம் சாக்லேட்டுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் போதும். அதற்கு மேல் போனால் கையில் எடுத்ததும் விரலில் பிசுபிசுக்கும், எண்ணெயே விடாவிட்டால் தோல் கனமாகி வெடிக்கும். மரச்செக்கு எண்ணெயில் தேங்காய் மணம் தூக்கலாக இருக்கும். கருப்பட்டித் தயிருக்கு எனக்கு அந்த மணம் பிடிக்கும், பிடிக்காதவர்கள் சுத்திகரித்ததை விடலாம். எங்கள் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ வளர்க்கிறார்கள். தென்னை நிழலில் கோகோ மரம் தண்டிலேயே காய்த்து நிற்கும். இந்தத் தோலுக்கு வேண்டிய இரண்டும் ஒரே தோப்பில் விளைகின்றன என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சாக்லேட் வாங்கும்போதும் பின்பக்கம் படியுங்கள். கோகோ பட்டர் என்று போட்டிருந்தால் அது சாக்லேட். ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட் என்று இருந்தால் அது காம்பவுண்ட். காம்பவுண்ட் விலை குறைவு, கையாள எளிது, ஆனால் குளிர்ந்த நிலையில் வாயில் சீக்கிரம் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நல்லதாகவே வாங்குங்கள். ஒரு தடவைக்கு 200 கிராம்தான் செலவாகிறது.

உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழக் கூடாது. சாக்லேட்டில் உள்ள சர்க்கரையும் கோகோத் தூளும் அந்தச் சொட்டை இழுத்துக்கொண்டு மொத்தமும் கரகரவென்று கட்டிதட்டிவிடும். கிண்ணம், கரண்டி எல்லாம் ஈரமே இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். கீழே தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டாம். கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அந்தப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துக் கிளறினாலே உருகிவிடும். அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் ஆவி பக்கவாட்டில் எழும்பிக் கிண்ணத்துக்குள் சொட்டும். மூடியும் போடக் கூடாது. உருகியதும் பத்து நிமிடம் ஆறவிட்டு, விரல் நுனியில் துளி தொட்டு கீழுதட்டுக்குக் கீழே வைத்துப் பாருங்கள். சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. சுடும் சாக்லேட்டில் முக்கினால் தயிரின் மேல்பரப்பு இளகி, அந்த ஈரம் தோலுக்கும் தயிருக்கும் நடுவே நின்றுகொள்ளும். தோல் உரிந்து விழுவது அதனால்தான்.

முக்கும்போது ஆறேழு வில்லைகளை மட்டும் வெளியே எடுங்கள், மற்றவை ஃப்ரீசரிலேயே இருக்கட்டும். நம் காற்றில் ஈரப்பதம் அதிகம், ஒரு நிமிடம் வெளியே இருந்தால் வில்லையின் மேல் வெண்பனி படியும், அதன்மேல் சாக்லேட் பிடிக்காது. பனி படிந்திருந்தால் டிஷ்யூத் தாளால் ஒற்றிவிட்டு முக்குங்கள். வில்லையைப் போட்டு, முள்கரண்டியால் புரட்டி, தூக்கி, கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு முறை தட்டி, மிச்சத்தை வழியவிட்டு, பட்டர் பேப்பரில் இறக்க வேண்டும். இறக்கும்போதே பளபளப்பு மங்கத் தொடங்கும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மங்கல் பரவி, சில நொடிகளில் மேற்பரப்பு முழுக்கச் சாயம் போன பழுப்பாகும். பொடித்த வேர்க்கடலையோ உப்புக் கல்லோ தூவுவதானால் அந்தச் சில நொடிகளுக்குள் தூவ வேண்டும், அப்புறம் எதுவும் ஒட்டாது. அடிப்பக்கத்தில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் அதன் வழியாகத் தயிர் கசியும். அடியை மட்டும் இரண்டாம் முறை தொட்டு வைத்தால் அடைபடும்.

மூடியிட்ட எவர்சில்வர் டப்பாவில், அடுக்குக்கு ஒரு பட்டர் பேப்பர் வைத்து, இறுக்கி மூடுங்கள். தயிரும் சாக்லேட்டும் மீன், பூண்டு வாசனையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். மின்வெட்டு நீண்டால் ஃப்ரீசரைத் திறக்காதீர்கள். லேசாக இளகி மறுபடி உறைந்தால் சின்னப் படிகங்கள் கரைந்து பெரியவற்றோடு சேர்ந்துவிடும், நறநறப்புத் திரும்பிவிடும். முழுக்க இளகிவிட்டால் மறுபடி உறைய வைக்காமல் அன்றைக்கே சாப்பிட்டு முடியுங்கள். சரியாக வைத்தால் இரண்டு வாரம் ருசி குறையாது. சாப்பிடுவதற்கு மூன்று, நான்கு நிமிடம் முன்பே வெளியே எடுத்து வைத்தால் தோல் மொறுமொறுப்பாகவே இருக்க, உள்ளே தயிர் பல் இறங்கும் பதத்துக்கு வந்துவிடும்.

குழந்தைகளுக்காகச் செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்தது எந்த வடிவத்திலும் கூடாது. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முழு வேர்க்கடலை பதித்த வில்லையைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். கடலையை மிக்ஸியில் நன்றாகப் பொடித்துத் தூவி, வில்லையையும் பாதியாக வெட்டிக் கொடுங்கள்.