முதல் செஸ் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு

அரியலூரில் ரயில் ஏறினாலும், பெரம்பலூரில் விடிகாலை பஸ் பிடித்தாலும், பலகை முன்னால் உட்காரும்போது நினைவில் இருக்க வேண்டியவை இவை.

1. ஓப்பனிங்கைக் காரணத்தோடு படியுங்கள். வெள்ளைக்கு இத்தாலியன் போதும். இ4 சிப்பாய் நடுப்பலகையைப் பிடிக்கிறது. எஃப்3 குதிரை எதிராளியின் இ5 சிப்பாயைத் தாக்குகிறது. சி4 மந்திரி எஃப்7-ஐக் குறிவைக்கிறது. ஆட்டத் தொடக்கத்தில் அந்தக் கட்டத்துக்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. காரணம் தெரிந்தவருக்கு, எதிராளி புத்தகத்தில் இல்லாத மூவ் வைத்தாலும் கை நடுங்காது.

2. நாலு மூவ் மேட்டுக்குப் பயப்படாதீர்கள். எதிராளியின் ராணி எச்5-க்கு வந்தால், சி6-இல் குதிரை வைத்து இ5 சிப்பாயைக் காப்பாற்றுங்கள். மந்திரி சி4-க்கு வந்ததும் ஜி6 தள்ளுங்கள். ராணி எஃப்3-க்குத் திரும்பினால் எஃப்6-இல் அடுத்த குதிரை. அவருடைய ராணி அலைந்த நேரத்தில் உங்கள் குதிரை இரண்டும் வெளியே வந்துவிட்டன.

3. தொட்ட காயை ஆடியே ஆகவேண்டும். கேஸ்லிங் செய்யும்போது ராஜாவை முதலில் தொடுங்கள். காய் வைத்த கையாலேயே கடிகாரத்தை அழுத்துங்கள். சந்தேகம் வந்தால் எதிராளியோடு வாதாடாமல் ஆர்பிட்டரைக் கூப்பிடுங்கள்.

4. கடைசி மூவ் வரை விழிப்பாக இருங்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டம் டிராவில் முடியும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். கருப்புக் காய்களோடு ஆடிய குகேஷ், ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு விடாமல் ஆடினார். 55-வது மூவில், எதிரே ஆடிய டிங் லிரன் யானையை எஃப்2-இல் வைத்தார். குகேஷ் யானையையும் மந்திரியையும் மாற்றிவிட்டு, சிப்பாய் ஆட்டத்தில் வென்று, 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார்.

5. தோற்றதும் மூட்டை கட்டாதீர்கள். சுவிஸ் முறையில் ஏறக்குறைய உங்கள் அளவு புள்ளி எடுத்தவரோடுதான் அடுத்த சுற்று. 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் முதல் 8 ஆட்டங்களையும் வென்ற குகேஷ், 10-வது சுற்றில் அப்துசத்தோரோவிடம் தோற்றார். 2024-இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்திய அணிக்கும் தங்கம், அவருக்கும் தங்கம்.

6. ஒவ்வொரு மூவையும் ஸ்கோர் ஷீட்டில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைக் கேட்கும் முன், தோற்ற ஆட்டத்தை நீங்களே பலகையில் ஆடிப் பாருங்கள். ஆட்டம் எங்கே கை நழுவியது என்று நீங்களாகக் கண்டுபிடித்தால், அந்தத் தப்பு அடுத்த போட்டிக்கு உங்களோடு வராது.