வோல்டேஜ் இருக்கு, கரெண்ட் இருக்கா?



தோட்டத்தில் சோலார் பேனல் இருக்கிறது. வெயில் நல்லா அடிக்கிறது. ஆனால் மோட்டார் சரியாக ஓடவில்லை. மல்டிமீட்டர் வைத்தால் வோல்டேஜ் சரியாகக் காட்டுகிறது. ‘பேனல் நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிடலாமா? கூடாது! ஏன் என்று பார்ப்போம்.

ஸ்வீப் என்றால் என்ன?

+2 இயற்பியல் லேபில் டையோடு சோதனை செய்கிறோம் அல்லவா? வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். ஒவ்வொரு தடவையும் மில்லி அம்மீட்டரைப் பார்த்து எழுதி கிராஃப் போடுவோம். இதுதான் ஸ்வீப். நாம் கையால் செய்வதை ‘சோர்ஸ் மெஷர் யூனிட்’ என்ற கருவி தானாகவே செய்துவிடும்.

ஸ்வீப் வகைகள்

1. சமபடி: 0, 0.1, 0.2 என்று ஒரே அளவாக ஏறும். வீட்டு மாடிப்படி மாதிரி.

2. மடங்குப் படி (லாக்): 1 மைக்ரோ ஆம்பியர், 10, 100, 1000 என்று பத்துப் பத்து மடங்காகப் போகும். ரொம்பச் சின்ன கரெண்டில் இருந்து பெரிய கரெண்ட் வரை பார்க்க இது உதவும். இதை 0-இல் தொடங்க முடியாது. 0-வை எதால் பெருக்கினாலும் 0 தானே!

3. பட்டியல்: வேண்டிய அளவுகளை நாமே எழுதிக் கொடுப்பது. சிலிக்கான் டையோடில் 0.5 முதல் 0.7 வோல்ட் வரைதான் கிராஃப் வளையும். அங்கே மட்டும் நெருக்கமாக ரீடிங் எடுக்கலாம்.

4. துடிப்பு (பல்ஸ்): கொஞ்ச நேரம் கொடுத்து உடனே நிறுத்துவது. டையோடு சூடானால் 1 டிகிரிக்குச் சுமார் 2 மில்லி வோல்ட் குறையும், ரீடிங் மாறிப்போகும். பல்ஸ் கொடுத்தால் சூடாகாது.

5. ஏறி இறங்குதல்: மேலே போன வழியிலேயே கீழே வருகிறதா என்று பார்ப்பது.

எதை ஏற்றுவது?

டையோடு 0.6 வோல்ட்டைத் தாண்டினால் கரெண்ட் மளமளவென ஏறும், டையோடே போய்விடும். அதனால் அங்கே கரெண்டை ஏற்றி வோல்டேஜை அளப்பது பத்திரம். வோல்டேஜைத்தான் ஏற்றுவோம் என்றால், கரெண்ட் இதற்கு மேல் போகக் கூடாது என்று கருவியில் முதலிலேயே எல்லை வைக்கணும்.

இப்போது பேனலுக்கு வருவோம்

36 செல் பேனலில் ஒன்றும் இணைக்காமல் அளந்தால் சுமார் 21 வோல்ட் காட்டும். அப்போது கரெண்ட் 0. அதனால் பவரும் 0! இரு முனைகளையும் சேர்த்தால் கரெண்ட் முழுசாக வரும், வோல்டேஜ் 0. அப்போதும் பவர் 0! நடுவில் சுமார் 17 வோல்ட்டில்தான் அதிக பவர் கிடைக்கும். ஸ்வீப் செய்தால்தான் இது தெரியும். மேகம் வருவதற்குள் வேகமாகவும் எடுக்கணும்.

நம்ம கரிசல் புழுதி பேனல் முழுக்கப் படிந்தால் கரெண்ட் நன்றாகக் குறையும். ஆனால் சும்மா அளக்கும் வோல்டேஜ் கொஞ்சம்தான் குறையும். மல்டிமீட்டர் ஏமாற்றுவது இங்கேதான்!

பக்கத்து இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. இது போன்ற பெரிய நிலையங்களில் பேனல்களை ஸ்வீப் எடுத்துச் சோதிப்பது வழக்கம். நம்ம வீட்டுப் பேனலுக்கு? முதலில் காலை வெயில் ஏறும் முன் துடைத்துப் பாருங்கள்!

யோசியுங்கள்: 0 முதல் 1 வோல்ட் வரை, 0.05 வோல்ட் படி. மொத்தம் எத்தனை ரீடிங்?

விடை: 21. (20 இல்லை! 0-வையும் எண்ணணும்.)