தோட்டத்துக் குளம் பச்சையானால் எந்த வழியைப் பிடிப்பது?

போளூரில் புதிதாக வீடு கட்டுகிறவர்களில் பலர் வாசலிலோ கொல்லையிலோ சின்னதாக ஒரு மீன் குளமும் கட்டிவிடுகிறார்கள். என்னிடம் விலங்கியல் படித்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. கொளத்தூர் சந்தைக்குப் போய் கோய் மீனும் தங்கமீனும் ஆசையாக வாங்கி வருகிறார்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் பச்சைப்பசேலென்று மாறிய பிறகுதான் யோசனை கேட்டு வருகிறார்கள். அதற்குள் ஏதாவது ஒரு வழியில் இறங்கியிருப்பார்கள். ஒருவர் வீடியோவில் பார்த்து புறஊதா விளக்கு வாங்கியிருப்பார். இன்னொருவர் வெளிநாட்டில் இருக்கும் மைத்துனர் சிபாரிசு செய்த பாட்டில் மருந்தை ஊற்றியிருப்பார். மூன்றாமவர் மாமனார் பேச்சைத் தட்ட முடியாமல் மயில்துத்தம் போட்டிருப்பார். நம் தண்ணீர் எப்படிப்பட்டது, நம்மால் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்று கேட்டுக்கொண்டு வழியைத் தேர்ந்தவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். தீவனத்தைக் குறையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மீன் தின்று முடிக்கிற அளவுக்கு மேல் ஒரு சிட்டிகையும் வேண்டாம். சருகை அள்ளுங்கள். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். மதிய வெயில் நேரே விழாதபடி நிழல் கொடுங்கள். இவை எந்தக் குளத்துக்கும் கட்டாயம். இவற்றுக்கு மேல் என்ன செய்யலாம் என்பதில்தான் தேர்வு வருகிறது.

முதலில் எந்தப் பச்சை என்று பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். தண்ணீர் முழுக்கச் சீராகப் பச்சையாக இருந்தால் அவை கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள். சுவரிலும் கல்லிலும் தலைமுடிபோல் தொங்கினால் நூல்பாசி. காற்றடிக்கும் பக்கமாக ஒதுங்கி, பெயிண்டைக் கொட்டியதுபோல் ஏடு கட்டினால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அவற்றில் சில நஞ்சு உண்டாக்கும். அந்தத் தண்ணீரில் குழந்தையைக் கை வைக்க விடாதீர்கள், ஆடு மாட்டுக்கும் காட்டாதீர்கள்.

வெறும் பச்சை நோயாகாது. ஏரியில் கட்லாவும் ரோகுவும் வளர்ப்பவர்கள் சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டுத் தண்ணீரை வேண்டுமென்றே பச்சையாக்குகிறார்கள். முழங்கை வரை கையை விடுவார்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரி, மறைந்துவிட்டால் பாசி அதிகம். வீட்டுக் குளத்துக்கும் இந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வழிகள்.

புறஊதா விளக்கு மிதவைப் பாசியை நன்றாகவே அடக்கும். பம்பு வழியாக வரும் தண்ணீரில் உள்ள பாசி விளக்கொளி பட்டுச் செத்து, ஒன்றோடொன்று ஒட்டி வடிகட்டியில் சிக்கும். நூல்பாசி பம்புக்குள் போவதே இல்லை. அதனால் அதற்கு இந்த விளக்கால் பயனில்லை. 18 வாட் விளக்கு இரவும் பகலும் எரிந்தால் மாதம் 13 யூனிட் ஆகும். பம்புக்குத் தனி. சுமார் 9,000 மணி நேரம், அதாவது ஒரு வருடம் ஓடினால் அதன் வலு போய்விடும். நீல வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டே இருப்பதால் பலர் அதை நம்பி ஏமாறுகிறார்கள்.

வெள்ளிக்கெண்டை விட்டால் பாசியைத் தின்றுவிடும் என்பார்கள். அது ஏரிக்கான மீன். இரண்டாயிரம் லிட்டர் குளத்தில் அது வளரவும் இடமில்லை. தின்ற பாசியும் கழிவாகத் தண்ணீருக்கே திரும்பி அடுத்த பாசிக்கு உரமாகிவிடும். வைக்கோல் போடுவது பிரிட்டனில் பார்லி வைக்கோலை வைத்துப் பிரபலமான முறை. அங்கேயும் அது இருக்கிற பாசியைக் கொல்வதில்லை, புதிதாக வருவதைத்தான் மட்டுப்படுத்துகிறது. ஜவ்வாது மலைச் சாமை வைக்கோலோ நம் நெல் வைக்கோலோ அதே வேலையைச் செய்யும் என்று எண்ணிக் கட்டுக்கட்டாகப் போட்டால், நம் வெயிலில் சீக்கிரம் அழுகித் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துவிடும்.

அடுத்தது மருந்து. நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். கடையில் 'ஒரே நாளில் தெளிவு' என்று விற்கும் பாட்டில்களில் பலவற்றில் இருப்பது செம்பு உப்பு. நம் ஊரில் அதையே மயில்துத்தம், துருசு என்கிறோம். போர்டோ கலவைக்காகப் பல விவசாயிகள் வீட்டில் இருக்கும் பொருள் என்பதால் யாருக்கும் பயம் வருவதில்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டடி ஆழமுள்ள குளம் 80 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறக்குறைய 2,260 லிட்டர். மீன் வளர்ப்பில் உள்ள விதி இது: தண்ணீரின் காரத்தன்மை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அளந்து, அதை நூறால் வகுத்தால் வருவதுதான் ஆயிரம் லிட்டருக்குப் போடக்கூடிய மயில்துத்தத்தின் கிராம் அளவு. காரத்தன்மை 100 என்றால் இந்தக் குளம் தாங்குவது இரண்டேகால் கிராம். 50-க்குக் கீழே இருந்தால் போடவே கூடாது. மாமனார் கைப்பிடியாக அள்ளிப் போடுவது இதைப்போல் எத்தனை மடங்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதிலும் போர்த் தண்ணீரில் உப்பும் காரமும் இருப்பதால் செம்பின் வேகம் ஓரளவு தணியும். மழைநீரும் மலையோடைத் தண்ணீரும் பெரும்பாலும் மென்னீர். பக்கத்து வீட்டில் ஒன்றும் ஆகாத அளவு, மழைநீர் சேமித்த உங்கள் குளத்தில் மீனைக் கொன்றுவிடலாம்.

அளவு சரியாகவே இருந்தாலும் ஆபத்து போகாது. ஒரு மே மாதம் விடியற்காலையில் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், மீனுங்க எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது சார்." முந்தின நாள் மதியம்தான் மருந்து ஊற்றியிருந்தார். நான் போனபோது தண்ணீர் பச்சை மாறிப் பழுப்பாக இருந்தது. ஓரத்தில் நுரை, அழுகிய முட்டைக்கோஸ் வாடை. மீன்கள் எல்லாம் குழாய் விழும் மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நஞ்சில் பிழைத்தவை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். பாசி மொத்தமாகச் செத்தால் அதை அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் அந்த ஏழரையையும் ராத்திரியோடு காலி செய்துவிடும். இப்படி ஆனால் புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து தெறித்து விழும்படி விட வேண்டும். பம்பையும் நிறுத்தக் கூடாது. அன்று பாதி மீன்களைக் காப்பாற்ற முடிந்தது.

பாசி செத்தாலும் அதற்குச் சோறு போட்ட தழைச்சத்தும் மணிச்சத்தும் குளத்திலேயே இருக்கின்றன. சில வாரங்களில் மறுபடி பச்சை வரும், மறுபடி பாட்டில் வாங்குவீர்கள். செம்பு மட்டும் எங்கும் போகாமல் அடிச்சேற்றில் தங்கிக்கொண்டே வரும். 1904-இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் இருவரும் குடிநீர்த் தேக்கங்களில் பாசியை ஒழிக்க மயில்துத்தத்தைப் பரிந்துரைத்தார்கள். அதன்பின் அது உலகமெங்கும் பரவியது. மின்னசோட்டா மாநிலத்து ஃபேர்மான்ட் ஏரிகளில் 58 வருடம் அதைப் போட்டார்கள். விளைவை ஆராய்ந்த கட்டுரை 1984-இல் வந்தது. ஆக்சிஜன் குறைந்தது, மீன்கள் செத்தன, சேற்றில் செம்பு சேர்ந்தது, நீர்ச்செடிகள் மறைந்தன. பச்சைப் பாசி இருந்த இடத்தை நீலப்பச்சைப் பாசி பிடித்தது. பெரிய ஏரிகளுக்கே இந்தக் கதி என்றால் நம் கொல்லைக் குளம் எப்படித் தாங்கும்?

என் ஓட்டு செடிக்கும் ஜல்லிக்கும்தான். என் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் முக்கால் ஜல்லி நிரப்பி, அதில் கல்வாழையும் சேம்பும் நட்டு, குளத்துக்கு மேலே வைத்திருக்கிறேன். சின்னப் பம்பு தண்ணீரை ஏற்றும், ஜல்லி வழியாக இறங்கிக் குளத்தில் விழும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஜல்லியில் குடியேறும் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அதைக் கல்வாழை வேர் உறிஞ்சிக்கொள்ளும். பாசிக்குப் போக வேண்டிய சத்து பூவாகிவிடுகிறது. குளத்தில் அல்லி வைத்து நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் இலையால் மூடவிடுங்கள். வெங்காயத் தாமரை வேண்டாம். அதன் துண்டு ஒன்று ஏரிக்குப் போனாலும் ஊருக்கே தொல்லை.

இந்த வழிக்கு நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பாக்டீரியா குடியேறும்வரை தண்ணீர் தெளியாது, சில நாள் இன்னும் பச்சையாகும். இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். ஜல்லியைக் குழாய்த் தண்ணீரில் பளபளவென்று கழுவி, குடியேறிய பாக்டீரியாவையும் கொன்றுவிட்டு, 'இது சரிப்படாது' என்கிறார்கள். கழுவ வேண்டுமென்றால் குளத்துத் தண்ணீரிலேயே லேசாக அலசுங்கள்.

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் மட்டும் வருகிறவருக்கு என் யோசனை: மீனைக் குறைத்து, அல்லியைப் பெருக்குங்கள். தினமும் பார்க்க ஆளில்லாத வீட்டுக்கு நிறைய மீன் ஆகாது. கருவியில் ஆசையும் அதைக் கவனிக்கும் ஒழுங்கும் உள்ளவர் செடியோடு விளக்கும் வைத்துக்கொள்ளலாம். நூல்பாசி மட்டும்தான் தொல்லை என்றால் ஒரு குச்சியில் சுற்றி இழுத்து எடுங்கள், போதும். காலையில் கால் மணி நேரம் குளத்தங்கரையில் உட்காரப் பிடிக்கிறவருக்கு ஜல்லித் தொட்டியே பொருத்தம்.

என் மாணவர்களுக்கு மேற்படிப்பைப் பற்றிச் சொன்னதையே குளத்துக்கும் சொல்கிறேன். அடுத்தவர் எடுத்தார் என்று எடுக்காதீர்கள், பெரியவர் சொன்னார் என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். உங்களுக்கு எது வரும், எதைச் சலிக்காமல் தினமும் செய்வீர்கள் என்று பாருங்கள். கைக்கு வருகிற வேலையைப் பிடித்தவர் அதை விட மாட்டார். விடாமல் செய்வதுதான் உயிருள்ள எதையும் வளர்க்கும்.

இந்தக் கோடையில் குளம் பச்சையானால் முதல் வாரம் தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டாம் வாரம் ஜல்லியும் கல்வாழையும் வையுங்கள். பிறகு ஆறு வாரம் பொறுங்கள். அதுவரை மருந்து பாட்டிலைத் தொடாதீர்கள்.