ஆடு கொடுத்தால் மட்டும் போதாது

திருவனந்தபுரத்தைவிட்டுக் கிழக்கே நெடுமங்காடு, காட்டாக்கடை, வெள்ளறடை என்று போகப்போக, ரப்பர் மரங்களுக்கு நடுவே நாலைந்து ஆடும் வீட்டுக்குப் பின்னால் ஒரு கோழிக்கூண்டுமாகப் பிழைக்கிற குடும்பங்களைப் பார்க்கலாம். மேய்ச்சல் நிலம் கிடையாது. பலா இலையும் தோட்டத்துப் புல்லும்தான் தீனி. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் கேரளத்தின் ஆடுகள் பதின்மூன்றரை லட்சத்தை எட்டின. மாடுகளின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதுவே. பஞ்சாயத்துகள் தங்கள் திட்ட நிதியிலிருந்து பயனாளிகளுக்கு ஆட்டையும் கோழியையும் வழங்குகின்றன. வளர்ந்த ஆட்டை எங்கே அறுப்பது, யார் சோதிப்பது, எங்கே குளிரவைப்பது, எந்த விலைக்கு விற்பது என்ற கேள்விகளுக்குத்தான் திட்டத்தில் இடம் இல்லை. கடைசியில் தரகர் வந்து கண்ணால் மதிப்பிட்டு, உருப்படிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்கிறார். அவசரத்துக்குப் பணம் வேண்டியவர் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிடுகிறார்.

இந்த நிலை மாறாததற்குப் பணம் இல்லாதது மட்டுமே காரணம் அல்ல. வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், திட்டம் போடுகிறவர்கள் எல்லாரிடமும் ஊறிப்போன சில நம்பிக்கைகளும் காரணம்.

நம்பிக்கை: கண் முன்னால் அறுத்த கறிதான் நல்ல கறி. குளிர்பெட்டியில் இருந்தது பழைய கறி.

இது மூட நம்பிக்கை அல்ல. குளிர்பெட்டியே இல்லாத காலத்தில் நம் முன்னோர் பட்டறிந்து வைத்த விதி. முப்பது டிகிரி வெப்பத்தில் காலையில் தொங்கவிட்ட கறி மாலைக்குள் கெட்டுவிடும். எனவே உயிரோடு பார்த்து, உடனே அறுத்து, உடனே சமைப்பது அன்றைக்குப் பாதுகாப்பான வழி. ஆனால் ருசிக்கும் மென்மைக்கும் அது சிறந்த வழி என்று நினைப்பது தவறு.

உயிர் போன பிறகும் தசைக்குள் வேலை நடந்துகொண்டிருக்கும். தசையில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறும். 7ஐ ஒட்டி இருந்த பிஎச் அளவு 5.5 முதல் 5.8 வரை இறங்கும். அந்த நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். கோழியில் இது சில மணி நேரத்தில் தளர்ந்துவிடும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கூடுதல் நேரம் வேண்டும். ஞாயிறு காலை அறுத்த ஆட்டைப் பத்து மணிக்கு வாங்கிப் பதினொரு மணிக்குக் குக்கரில் ஏற்றினால், விறைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே சமைக்கிறோம் என்று பொருள். நாலு விசில் கூடுதலாக வைத்தும் நார் நாராக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். பூஜ்யத்துக்கும் நாலு டிகிரிக்கும் இடையில் ஒரு நாள் இரண்டு நாள் வைத்த கறியில் தசையின் நொதிகளே நாரைத் தளர்த்தி வைத்திருக்கும். அறுத்த சூட்டோடு கடுங்குளிரில் தள்ளினாலும் தசை சுருங்கிக் கெட்டியாகிவிடும் என்பதால், குளிரவைப்பதும் பழகித் தெரிந்துகொள்ள வேண்டிய தொழில்தான்.

சிறு விவசாயிக்குச் சாதகமான ஒரு செய்தியும் இதில் இருக்கிறது. லாரியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நெருக்கியடித்து, பட்டினியும் பயமுமாக வந்த விலங்கின் கிளைக்கோஜன் வழியிலேயே தீர்ந்துபோகும். அதன் கறியில் அமிலம் போதிய அளவு உருவாகாது. கறி கருத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தூரத்துக்குள் அமைதியாகக் கொண்டுவந்து, தண்ணீர் காட்டி, ஓய்வு கொடுத்து அறுத்த ஆட்டின் கறி இயல்பாகவே தரமானது. அதற்குப் பக்கத்திலேயே ஓர் இறைச்சிக்கூடம் வேண்டும்.

உயிரோடு பார்த்தால் நோய் தெரியும் என்பதும் பாதி உண்மைதான். ஈரலில் இருக்கும் தட்டைப்புழு, நுரையீரலில் இருக்கும் நீர்க்கட்டி, நிணநீர்க் கணுவில் இருக்கும் காசநோய்க் கழலை ஆகியவை அறுத்துத் திறந்த பிறகு, கால்நடை மருத்துவரின் கண்ணுக்குத்தான் படும். 2001ஆம் ஆண்டின் மத்திய இறைச்சிக்கூட விதிகள் ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குக்கு மேலும், நாளைக்கு 96க்கு மேலும் பரிசோதிக்கக் கூடாது என்கின்றன. சினையானதையும் மூன்று மாதம் நிறையாததையும் அறுக்கக் கூடாது என்கின்றன. சாலையோரத்தில் தொங்கும் கறிக்கு இந்தச் சோதனைகளில் எது நடந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

நம்பிக்கை: சின்ன ஆட்களுக்கு உரிமம் கிடைக்காது. சட்டமே பெரிய கம்பெனிகளுக்குத்தான்.

2011இல் வந்த உணவுப் பாதுகாப்பு உரிம விதிகள் சிறியவர்களுக்கென்று தனி வாசல் வைத்திருக்கின்றன. நாளொன்றுக்கு இரண்டு பெரிய விலங்கு, அல்லது பத்து ஆடு, அல்லது ஐம்பது கோழி வரை அறுப்பவருக்கு எளிய பதிவு போதும் என்று எழுதினார்கள். அதற்கான ஆண்டுக் கட்டணத்தை நூறு ரூபாயாக வைத்தார்கள். அதற்கு மேலே, ஐம்பது பெரிய விலங்கு, நூற்றைம்பது ஆடு, ஆயிரம் கோழி வரையில் மாநில உரிமம் என்று வகுத்தார்கள். பஞ்சாயத்து அனுமதிக்குக் கேரளத்தில் 1996ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட, கறிக்கடை விதிகள் தனியே இருக்கின்றன.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. விதிகள் கேட்கிற சுத்தமான தண்ணீர், கழுவக்கூடிய தளம், கழிவுநீர்த் தொட்டி, மருத்துவர், குளிரறை ஆகியவற்றை நாலு ஆடு வைத்திருப்பவர் தனியாக ஏற்படுத்த முடியாது. முப்பது நாற்பது குடும்பம் சேர்ந்து, பஞ்சாயத்து இடம் கொடுத்தால் முடியும். பணத்துக்கும் வழிகள் வந்தன. சிறு உணவுத் தொழில்களுக்கு 35 விழுக்காடு, அதிகபட்சம் பத்து லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் மத்தியத் திட்டம் 2020இல் தொடங்கியது. கறி பதப்படுத்தும் கூடங்கள் உட்பட்ட கால்நடைக் கட்டமைப்புக் கடன்களுக்கு மூன்று விழுக்காடு வட்டிச் சலுகை தரும் நிதியும் அதே ஆண்டில்தான் வந்தது. விண்ணப்பத்தை நிரப்பவும் திட்ட அறிக்கை எழுதவும் கைகொடுக்கும் ஆள் ஊரில் இல்லாததுதான் உண்மையான தடை.

நம்பிக்கை: பெரிய நவீன ஆலை ஒன்று கட்டிவிட்டால் எல்லாம் சரியாகும்.

மற்ற எல்லாவற்றையும்விட அதிகச் செலவு வைத்த நம்பிக்கை இதுதான்.

திருவனந்தபுரம் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். குன்னுகுழியில் மாநகராட்சியின் இறைச்சிக்கூடம் இருந்தது. கழிவுநீர்ப் பிரச்சினையால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தலையிட்டதும் 2010களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது. நவீனமாக்கப்போகிறோம் என்ற பேச்சு வந்தது; திட்டமும் மதிப்பீடும் டெண்டருமாக ஆண்டுகள் ஓடின. அத்தனை காலமும் இந்தத் தலைநகரத்துக்காரர்கள் கறி தின்பதை நிறுத்தவில்லை. ஒரே கூடத்தை நம்பியிருந்த ஊரில் அது மூடியதும் அறுப்பு முழுவதும் சந்துகளுக்கும் கடைப் பின்கட்டுகளுக்கும் போய்விட்டது.

மாநில அரசின் மீட் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1973இல் தொடங்கியது. எறணாகுளம் மாவட்டத்தின் கூத்தாட்டுகுளம் அருகே இடையாரில் ஆலை இருக்கிறது. கட்லெட், சாசேஜ், பன்றிக்கறிப் பண்டங்கள் என்று அரை நூற்றாண்டாகச் செய்துவருகிறது. மதிக்கத்தக்க நிறுவனம். ஆனால் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே பாறசாலையில் மூன்று ஆடு வளர்க்கும் பெண்ணுக்கு, எம்.சி. ரோட்டில் மணிக்கணக்காகப் போகவேண்டிய ஓர் ஆலையால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

வயநாட்டுக் கதை இன்னும் வலி தருவது. சுல்தான் பத்தேரியில் 1999இல் தொடங்கிய பிரம்மகிரி டெவலப்மென்ட் சொசைட்டி, இடைத்தரகர் இல்லாமல் விவசாயிக்கு நியாய விலை என்ற நல்ல எண்ணத்தோடு ‘மலபார் மீட்’ என்ற பெயரில் நவீன ஆலை நடத்தியது. நல்ல கறி, நல்ல பெயர். ஆனால் ஆலையின் அளவுக்கு ஏற்ற விற்பனையும் நடைமுறை மூலதனமும் கைகூடவில்லை. கடன் ஏறியது, ஆலை நின்றது, பணம் போட்டவர்கள் திரும்பக் கேட்டு நிற்கிறார்கள். நோக்கம் தவறில்லை. ஆலையை ஓட்ட வேண்டிய சுமைக்கு ஊரின் கால்நடையும் சந்தையும் ஈடுகொடுக்கவில்லை என்பதே என் கருத்து.

பெரிய ஆலைகளின் நாடான அமெரிக்காவே இதை 2020இல் உணர்ந்தது. கொரோனா தொற்றால் சில பெரிய ஆலைகள் மூடியதும், போக இடமின்றிப் பன்றிகளைப் பண்ணையிலேயே கொன்று புதைக்க நேர்ந்தது. அதற்குப் பிறகுதான் சிறிய உள்ளூர்க் கூடங்களுக்கு அரசு பணம் ஒதுக்கியது. ஆனால் அந்த நாட்டின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள லோப்பஸ் தீவு விவசாயிகள் 2002லேயே வேறு வழி கண்டிருந்தார்கள். அரசுப் பரிசோதகரோடு வண்டியே பண்ணைக்கு வந்து அறுத்துக் கொடுக்கும் நடமாடும் கூடம் அது. வாரத்தில் ஒரு நாள் நெடுமங்காடு, மறுநாள் காட்டாக்கடை, அதற்கடுத்த நாள் பாறசாலை என்று ஒரு வண்டி சுற்றினால் போதாதா? இதைச் செய்ய முடியாது என்று சொல்வதற்கு எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை.

நம்பிக்கை: கோழி தமிழ்நாட்டிலிருந்துதான் வரவேண்டும். இங்கே வளர்த்தால் கட்டுப்படியாகாது.

நாமக்கல்லும் பல்லடமும் கேரளத்துக்குக் கோழி அனுப்புவது உண்மை. சந்தை விலை அங்கே ஏறினால் இங்கே ஏறும். அதே சமயம், 1989இல் உருவான கேரள மாநிலக் கோழி வளர்ச்சிக் கழகமான கெப்கோ திருவனந்தபுரத்துப் பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு தன் பெயரிலேயே கோழி விற்கிறது. பெண்கள் குழுக்களின் அமைப்பான குடும்பஸ்ரீயின் ‘கேரள சிக்கன்’ 2019இல் கடைகளைத் திறந்தது. குஞ்சும் தீனியும் மருந்தும் நிறுவனம் கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் வளர்ப்பவருடையது. எடைக்கு ஏற்ப வளர்ப்புக் கூலி. விற்பனைக் கடையை நடத்துவதும் பெரும்பாலும் குடும்பஸ்ரீ பெண்களே. விலை சரியும்போது நஷ்டம் வளர்ப்பவர் தலையில் விழாது என்பதே இதன் பலம். ஆட்டுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு ஏன் இல்லை என்று கேட்க வேண்டிய நேரம் இது.

கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சுக்கு ஒரு வரி போதும்: ஆயிரக்கணக்கான கோழிக்குத் தினமும் ஊசி போடுவது நடக்கிற காரியமே அல்ல, வேக வளர்ச்சி இனத்தேர்வாலும் தீனியாலும் வருவது. கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக் மருந்தைப் பற்றித்தான். கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுக்க 2019இல் மத்திய அரசு தடை விதித்தது அதனால்தான்.

நம்பிக்கை: மதிப்புக் கூட்டுவது என்றால் சாசேஜ், நக்கெட்.

அவற்றுக்கு இயந்திரமும் உறைகுளிரும் விளம்பரமும் வேண்டும். கோட்டயம், இடுக்கிப் பக்கத்து வீடுகளில் மாட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் தடவி, அடுப்புக்கு மேலே புகையில் உலர்த்தி, இடித்து வதக்கும் இடியிறைச்சி இருக்கிறது. நம் பக்கத்து உப்புக்கண்டமும் இருக்கிறது. கறி ஊறுகாய் இருக்கிறது. வளைகுடாவுக்குப் போகும் பிள்ளையின் பெட்டியில் இடம்பிடிக்கும் பண்டங்கள் இவை.

அவற்றுக்கும் முந்தைய படி ஒன்று உண்டு: தராசு. இருபது கிலோ ஆட்டில் ஒன்பது, பத்து கிலோ கறி தேறும். தலை, கால், ஈரல், குடல், தோல் தனி. கண் மதிப்பில் விற்றால் இவை யாவும் வாங்குகிறவருக்கே. எடை போட்டு, அறுத்து, பாகம் பிரித்து விற்றால் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. உலர்கறிக்கு விலை வைக்கும்போது, கறியில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு கிலோவை நன்றாக உலர்த்தினால் கால் கிலோவுக்குச் சற்று மேல்தான் நிற்கும்.

ஊறுகாய் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேலே எண்ணெய் நின்றால் கெடாது என்று நம்ப வேண்டாம். எண்ணெய் காற்றைத் தடுக்கும். காற்றில்லாத இடத்தில்தான் பாட்டுலிசம் கிருமி நஞ்சு சுரக்கும். போதிய வினிகர் சேர்த்து பிஎச் 4.6க்குக் கீழே இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். மண்ணுத்தியில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் இறைச்சித் தொழில்நுட்பப் பிரிவு போன்ற இடங்களில் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

நம்பிக்கை: கூடம் வந்தால் நாற்றமும் நாயும் வரும்.

கூடம் இல்லாததால்தான் இரண்டும் வருகின்றன. பின்கட்டில் அறுத்த கழிவு மூட்டையாகி ஆற்றோரத்துக்கும், இரவு வண்டியில் எல்லை தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் போகிறது. அங்கே பிடிபட்ட வண்டிகளின் செய்தியை நாம் அடிக்கடிப் படிக்கிறோம். ஒரே இடத்தில் சேரும் கழிவை வேகவைத்து, கொழுப்பைப் பிரித்து, புரதத் தூளாக்கித் தீனிக்கு அனுப்பும் ஆலைகள் கேரளத்திலேயே பல மாவட்டங்களில் ஓடுகின்றன. குடல் கழிவு சாண எரிவாயுக் கலனுக்குப் போகும். சிதறிக் கிடக்கும் நூறு கடைகளின் கழிவை யாராலும் கண்காணிக்க முடியாது; ஒரு கூடத்தின் கழிவை முடியும்.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது ஆடு விநியோகப் பட்டியலில் பெயர் சேர்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்தத் திட்ட நிதியில் ஒரு பங்கைத் தராசுக்கும், சிறு கூடத்துக்கும், குளிரறைக்கும், வாரத்தில் ஒரு நாளாவது வரும் கால்நடை மருத்துவருக்கும் ஒதுக்கும்படி எழுத்தில் கேளுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் கறிக்கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஆடு எங்கே அறுத்தது, யார் பார்த்துச் சான்று கொடுத்தார்?