பாராமல் ஒப்புவித்தால்தான் பாடம்

பொதுத்தேர்வு நெருங்கியதும் நம் பிள்ளைகள் படிக்கும் கோலத்தைக் காண்கிறோம். கையில் புத்தகம், வாயில் முணுமுணுப்பு, நள்ளிரவு வரை விளக்கு. ஐந்து முறை வாசித்து விட்டேன் என்பார்கள். புத்தகத்தை வாங்கி மூடிவிட்டு ஒரு கேள்வி கேட்டால் விழிப்பார்கள். வாசித்தது வேறு, பாடமானது வேறு.

இதற்கு வழி நம் ஹிப்ளு மதரஸாக்களிலேயே இருக்கிறது. அங்கே பிள்ளை அன்றாடம் மூன்று பாடம் ஒப்புவிக்கிறது. புதிதாக மனனம் செய்த ஸபக் ஒன்று. அண்மையில் ஓதி முடித்தது ஒன்று. முன்பே முடித்த ஜுஸ்உகளிலிருந்து சுழற்சியாக ஒன்று. பழையது தடுமாறினால் உஸ்தாது புதுப் பாடம் கொடுக்க மாட்டார். குர்ஆனை மனனமிட்டவர் கட்டிவைத்த ஒட்டகத்தின் சொந்தக்காரரைப் போன்றவர், கவனித்து வந்தால் நிற்கும், அவிழ்த்து விட்டால் போய்விடும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ரமளான்தோறும் ஜிப்ரீல் (அலை) அவர்களுடன் குர்ஆனை ஒருமுறை ஓதிப் பார்த்த பெருமானார், வஃபாத்தான ஆண்டில் இருமுறை ஓதிப் பார்த்தார்கள். வஹீ இறங்கிய இதயத்திற்கே மீள ஓதுதல் இருந்ததென்றால், நம் பையனின் வேதியியல் சமன்பாட்டுக்கு வேண்டாமா?

2006ல் ரோடிகர், கார்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் கல்லூரி மாணவரிடம் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, பாராமல் எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். நம் உஸ்தாதுமார்களுக்கு இது புதுச் செய்தியல்ல.

கோடைக்கானல் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். பழனி மலையில் ஏப்ரல் பிறந்தால் சீசன். கடை வைத்திருக்கும் வீட்டில் பத்தாம் வகுப்புப் பையனும் ஒரு கை. 2025ல் பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 28ல் தொடங்கி ஏப்ரல் 15 வரை நீண்டது; நடுவே மார்ச் 31ல் பெருநாள். பிளஸ் டூ தேர்வோ மார்ச் 3 முதல் 25 வரை, முழுக்க நோன்பில். நோயும் பயணமும் நோன்புக்கு அல்லாஹ் தந்த சலுகைகள். தேர்வைச் சேர்த்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

ஆகவே தராவீஹ் முடிந்ததும் உறங்கி விடுக! ஸஹர் உண்டு, சுப்ஹு தொழுததும் மலைக்குளிர் போர்வைக்குள் இழுக்கும். அந்த ஒரு மணி நேரம்தான் பொன். முதலில் நேற்றைய பாடத்தைப் பாராமல் எழுது. பிறகு சென்ற வாரத்தது. புதுப் பாடம் கடைசியில். தவறிய இடத்தை மட்டும் புத்தகத்தில் பார். கடையில் நிற்கும்போது கேள்விகள் மட்டும் எழுதிய சீட்டு சட்டைப்பையில் இருக்கட்டும். வாடிக்கையாளர் நகர்ந்ததும் ஒன்றை எடுத்து, விடையை வாய்க்குள் சொல்லிப் பார்.

அத்தாமார்களிடம் ஒன்று கேட்கிறோம். தேர்வு முடியும் வரை சுப்ஹுக்குப் பிந்திய அந்த நேரத்தைப் பிள்ளைக்கே விட்டு விடுங்கள். கடை திறக்கப் பிறகு அழைக்கலாம்.