தண்ணீர் பைப்பில் காற்றை விடலாமா?

ராசிபுரம் வட்டாரத்தில் வீட்டை ஒட்டி ஒரு தகர ஷெட் போட்டுத் தொழில் பார்ப்பவர்கள் ஏராளம். பஞ்சர் ஒட்டுகிறார்கள், பைக் பழுது பார்க்கிறார்கள், பீரோவுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். நாமக்கல் லாரி பாடி பட்டறைகளுக்கு உதிரி வேலையும் வீட்டிலிருந்தே நடக்கிறது. இந்த ஷெட்டுகளில் பலவற்றில் ஒரு ஏர் கம்ப்ரஸர் இருக்கும். அதிலிருந்து சுவரோரமாக ஒரு பிவிசி பைப் ஓடினால் கொஞ்சம் நில்லுங்கள். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

அந்த பைப் ஏன் அங்கே வந்தது என்பது புரிகிறது. போர்வெல்லுக்கு வாங்கினதில் மிச்சம் இருந்திருக்கும். ஒட்டுவது சுலபம், விலையும் கம்மி. "பைப் மேலயே 10 கிலோன்னு போட்டிருக்கே, நம்ம கம்ப்ரஸர் 8 கிலோலயே கட் ஆயிடுதே, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த 10 கிலோ தண்ணீருக்குச் சொன்னது, காற்றுக்கு அல்ல.

பைப்பின் மேல் அச்சிட்டிருப்பதை முழுதாகப் படித்துப் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4985 என்று இருக்கும். அது குடிநீர்க் குழாய்க்கான இந்தியத் தரநிலை. அதில் சொல்லும் அழுத்தமும் 27 டிகிரி வெப்பத்துக்கானது. முத்திரை பொய் சொல்லவில்லை. நாம்தான் அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறோம்.

தண்ணீருக்கும் காற்றுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? 8 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் பத்தாயிரத்தில் நான்கு பங்குகூடச் சுருங்காது. அதனால் தண்ணீர் பைப் வெடித்தால் ஒரு பீய்ச்சலோடு அழுத்தம் இறங்கிவிடும். தரை நனையும், அவ்வளவுதான். காற்று அப்படியில்லை. 8 கிலோவில் ஒரு லிட்டர் இடத்துக்குள் அடைபட்ட காற்று வெளியே வந்தால் ஏறக்குறைய ஒன்பது லிட்டராக விரியும். பின்னால் டேங்கில் இருப்பதும் சேர்ந்து தள்ளும். பிவிசி கிழியாது, சில்லு சில்லாக உடையும். ஒவ்வொரு சில்லும் கத்தி மாதிரி பறக்கும்.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். பிவிசிக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்குப்படி, 23 டிகிரியில் இருக்கும் தாங்கும் சக்தி 43 டிகிரியில் பாதியாகிவிடும். 60 டிகிரியில் கால் பங்குகூட மிஞ்சாது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றும் சூடுதான். மெஷினின் அதிர்வு, காற்றோடு வரும் எண்ணெய், ஜன்னல் வழியாக விழும் வெயில் எல்லாம் சேர்ந்து பைப்பை மெல்ல மெல்ல நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவருகின்றன. "பத்து வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்பது ஆறுதல் இல்லை. பைப்புக்குப் பத்து வயது கூடியிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 1988-லேயே இதற்கு எச்சரிக்கை விட்டது. டெக்சாஸ் ஆலை ஒன்றில் காற்று ஓடிய பிவிசி பைப் வெடித்து, ஒரு தொழிலாளியின் கையைச் சில்லுகள் கிழித்திருந்தன. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கிடங்கில் 27 அடி உயரத்தில் இருந்த பைப் வெடித்தது. அதன் துண்டு 60 அடி தள்ளியிருந்த காகித உருளையில் போய்க் குத்தி நின்றது. நல்லவேளை, அங்கே ஆள் இல்லை. நம்ம ஷெட்டுகளின் நீளம் 60 அடிகூட இருக்காது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். திருச்செங்கோட்டு போர் வண்டி உங்கள் தெருவுக்கு வந்திருக்கும். அந்தப் பெரிய கம்ப்ரஸரிலிருந்து காற்றைக் கொண்டுபோவது இரும்புக் குழாயும் தடித்த ரப்பர் ஓஸும்தான். போர்வெல்லுக்குள் இறக்க பிவிசியை அடுக்கி வைத்திருப்பார்கள். காற்றுக்கு அதைத் தொடமாட்டார்கள்.

சரி, எதைப் போடுவது? முதலில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களுக்கு பைப் லைன் தேவையா? பத்துக்குப் பன்னிரண்டு அடி ஷெட்டுக்கு நல்ல ரப்பர் ஏர் ஓஸ் பத்து மீட்டர் போதும். அதன் மேல் அச்சிட்டிருக்கும் வேலை அழுத்தம் உங்கள் கம்ப்ரஸரின் உச்ச அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பல வீட்டுப் பட்டறைகளுக்கு இதுவே நல்ல வழி, செலவும் குறைவு.

லைன் வேண்டுமென்றால் ஜிஐ பைப். அதற்கான தரநிலை ஐஎஸ் 1239. தண்ணீரோடு காற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கும் தரநிலை அது. பைப்பில் மஞ்சள் பட்டை இருந்தால் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. நீலப் பட்டை வாங்குங்கள்; மரை போட்டாலும் தடிமன் மிஞ்சும். உள்ளே துரு வரும் என்பது உண்மைதான். அதனால் பெயின்ட் வேலைக்கு முனையில் ஒரு ஃபில்டர் வையுங்கள். தாமிரமும், காற்றுக்கென்றே வரும் அலுமினியக் குழாயும் நல்லவை, விலைதான் கையைக் கடிக்கும். சிபிவிசி வேண்டாம், அது பிவிசியின் தம்பி. பிபிஆர், உள்ளே அலுமினியத் தகடு வைத்த கலப்புக் குழாய் இரண்டையும் காற்றுக்கும் விற்கிறார்கள். "காத்துக்கும் போடலாம்ணே" என்று கடைக்காரர் சொன்னால், அழுத்தப்பட்ட காற்றுக்கு உகந்தது என்று தயாரிப்பாளரின் கையேட்டில் இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கடையில் நிற்கும்போதே போனை எடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதைச் செயலியில் தட்டினால் தயாரிப்பாளர் யார், உரிமம் எந்தத் தரநிலைக்கு, இப்போது செல்லுமா என்று காட்டும். பொருந்தவில்லை என்றால் அங்கேயே புகாரும் பதியலாம். கடையோடு தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு பில் கையில் இருக்க வேண்டும்.

பைப் மாட்டும்போது டேங்குக்கும் லைனுக்கும் நடுவே ஒரு துண்டு ஓஸ் வைத்தால் அதிர்வு லைனுக்குப் போகாது. டேங்கை ஒட்டி ஒரு மூடும் வால்வு வேண்டும். நூறு அடிக்கு ஓரடி வீதம் லைனைச் சரித்து, கடைசியில் ஒரு டிரெய்ன் வால்வு வையுங்கள். கிளைகளை மெயின் பைப்பின் மேல்பக்கத்திலிருந்து எடுத்தால் தண்ணீர் கருவிக்குள் இறங்காது. சோதனையைக் காற்றை வைத்துத் தொடங்காதீர்கள். லைனில் தண்ணீரை நிரப்பி, பிளம்பரிடம் இருக்கும் கைப் பம்பால் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பாருங்கள். 8 கிலோ லைனுக்கு 12 கிலோ. அந்த நேரம் டேங்க் இணைப்பைக் கழற்றி வைத்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே பிவிசி ஓடுகிறது என்றால், அது அழுத்தத்தில் இருக்கும்போது கிட்டே போய்த் தட்டிப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, டேங்கின் அடியில் இருக்கும் டிரெய்ன் வால்வைத் திறந்து விடுங்கள். கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு, லைனின் ஒவ்வொரு முனையையும் திறந்து காற்று மிச்சமில்லை என்று பார்த்து, அப்புறம் கழற்றுங்கள். கழற்றியதை நறுக்கிப் போடுங்கள். முழுசாக வைத்தால் அடுத்த வீட்டுக்காரர் தன் கம்ப்ரஸருக்குக் கேட்டு வருவார்.