யதீமின் சொத்தும் யதீமின் வயதும்

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனான அல்லாஹ்வுக்கே. யதீமாகவே பிறந்து, பாட்டனார் அப்துல் முத்தலிப் வீட்டிலும் பிறகு பெரிய தந்தை அபூதாலிப் வீட்டிலும் வளர்ந்த நம் தலைவர் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



யதீமின் சொத்து என்றதும் நமக்கு நிலமும் நகையும், தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த தகப்பன் விட்டுப்போன பி.எஃப். பணமும்தான் ஞாபகம் வரும். யதீமின் பொருளை அநியாயமாகத் தின்பவர் வயிற்றில் நெருப்பை நிரப்புகிறார் என்ற அந்நிஸா அத்தியாயத்தின் 10ஆவது வசனத்தின் கருத்தைக் கேட்டு நடுங்கி, அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூடத் தொடாதவர்கள் நம் ஜமாஅத்தில் உண்டு. அல்லாஹ் அவர்களுக்குப் பரக்கத் செய்வானாக.

ஆனால் அந்தப் பிள்ளையிடம் பணத்தைவிட வேகமாகக் கரைகிற ஒரு சொத்து இருக்கிறது. அதுதான் அவனுடைய முதல் ஐந்தாறு வருடங்கள். மூளை மிக வேகமாக வளரும் காலம் அது. அதை பேங்கில் போட்டு வைக்க முடியாது.

இரண்டு வயதாகியும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. வீட்டில் என்ன சொல்கிறோம்? "அவன் தாதாவும் லேட்டாகத்தான் பேசினார்", "ஆம்பளப் பிள்ளை, மெதுவாகத்தான் வரும்." பெற்ற பிள்ளை விஷயத்திலும் இப்படித்தான் சொல்கிறோம். வளர்க்கும் பிள்ளை என்றால் இன்னொரு தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. டாக்டரிடம் கொண்டுபோனால், "யதீமுக்குக் குறை கண்டுபிடிக்கிறார்கள்" என்று சொந்தக்காரர்கள் பேசுவார்களே என்ற பயம். சிலருக்கு, தாயை இழந்த பிள்ளையை ஊசி, மருந்து என்று அலைக்கழிக்க வேண்டாமே என்ற இரக்கம். அந்த இரக்கம் உண்மையானதுதான். ஆனால் அதில் செலவாவது பிள்ளையின் மாதங்கள்.

அந்நிஸாவின் 6ஆவது வசனத்தில் யதீம்களைச் சோதித்துப் பார்த்து வரும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான். அது பொருளை ஒப்படைப்பது பற்றிய வசனம். ஃபுகஹாக்களும் அந்தக் கோணத்தில்தான் விரிவாகப் பேசுகிறார்கள். இருந்தாலும், வளர்ப்பவர் பிள்ளையின் திறனைக் கூர்ந்து கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பாடமும் அதில் இருப்பதாகவே நான் விளங்குகிறேன். அல்பகராவின் 220ஆவது வசனமும் யதீம்கள் விஷயத்தில் 'இஸ்லாஹ்', அதாவது அவர்களைச் சீராக்கும் காரியம் எதுவோ, அதையே நன்மை என்கிறது.

எதைக் கவனிப்பது? 9 மாதம் ஆகியும் பிடிப்பில்லாமல் உட்காரவில்லையா? ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? ஒன்றரை வயதில் நடையோ ஒரு வார்த்தையோ வரவில்லையா? இரண்டு வயதில் "பானி தே", "பால் வேணும்" என்று இரண்டு வார்த்தைகளைச் சேர்க்கவில்லையா? வந்த பேச்சு நின்றுபோனதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் போய்க் காட்டுங்கள். வீட்டில் உருது, தெருவில் தமிழ் என்பதால்தான் பேச்சு தாமதம் என்று நம் பகுதியில் ஒரு நம்பிக்கை உண்டு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சை 6 வயதுக்குள் இருப்பவர்களுக்குத்தான். ஏழு வயதில் போய் நின்றால் கதவு அடைபட்டிருக்கும்.

ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. கொண்டு வாருங்கள், நானே ஓதி விடுகிறேன். ஆனால் நோயை இறக்கிய அல்லாஹ் மருந்தையும் இறக்கியிருக்கிறான், வைத்தியம் செய்யுங்கள் என்ற கருத்தில் சொன்னதும் நம் நபி (ஸல்) அவர்கள்தான்.

அங்கே போனால் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் வளர்ப்பவர்கள் தடுமாறுவார்கள். குறை மாதத்தில் பிறந்ததா? பிறந்ததும் அழுததா? மஞ்சள் காமாலை, வலிப்பு வந்ததா? தாயும் தகப்பனும் சொந்தத்தில் கட்டியவர்களா? ஆகவே பிள்ளை பிறந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுங்கள். தாய் வழிச் சொந்தத்தையும் விசாரியுங்கள். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் தகப்பன்மார் பெயராலேயே அழையுங்கள் என்று அல்அஹ்ஸாப் 5ஆவது வசனம் சொல்வதை நாம் வாரிசுரிமைச் சட்டமாக மட்டும் படிக்கிறோம். வம்சத்தை மறைத்தால் மருத்துவருக்கும் வழி மறைந்துவிடும். ஆகவே பதிவுச் சீட்டில் தகப்பன் பெயர் இடத்தில் உங்கள் பெயரை எழுதாதீர்கள். காப்பாளர் என்று எழுதுங்கள்.

எங்கே போவது? அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு வரும். 2013இல் தொடங்கிய திட்டம். பிறப்பு முதல் 18 வயது வரை இலவசம். குழு வரும் நாள் வரை காத்திருக்க முடியாதென்றால் திருப்பத்தூர் அரசு மருத்துவமனையில் குழந்தை டாக்டரிடம் காட்டி, மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்குச் சீட்டு கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நம் ஜங்ஷனில் ஏறினால் காட்பாடியில் இறங்கிப் போகலாம். அறிவுசார் குறைபாடு என்று சான்று கிடைத்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு கொடுக்கலாம். 2023 முதல் அது மாதம் 2,000 ரூபாய்.

மருந்தால் முடிகிற காரியம் இல்லை இது. பயிற்சியாளர் அரை மணி நேரம் சொல்லிக் கொடுப்பதை வீட்டில் தினமும் செய்ய வேண்டும். பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், சேர்ந்து விளையாட வேண்டும், செல்போனை எடுத்து வைக்க வேண்டும். நன்னிமா மட்டும் செய்தால் போதாது, வீட்டு ஆண்களும் உட்கார வேண்டும்.

சொந்தமில்லாத பிள்ளையை வளர்ப்பவர்கள் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. 1098க்குப் பேசினால் வழி சொல்வார்கள். சொல்லப் போனால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சிலர் ஒளித்து வைத்து, மருத்துவமனைக்கும் போகாமல் இருந்துவிடுகிறார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே விடுதியைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது.

பெரும்பாலும் பிள்ளை போகாமல் இருப்பது மனம் இல்லாததால் அல்ல. ஷூ கம்பெனியில் ஒரு நாள் லீவு போட்டால் அந்த நாள் கூலி போகிறது. வாரம் ஒரு முறை போகச் சொன்னால் மாதத்தில் நான்கு நாள். இதற்கு பைத்துல்மாலிலிருந்து போக்குவரத்துச் செலவும் அந்த நாள் கூலியும் கொடுக்க வேண்டும் என்று முத்தவல்லியிடமும் நிர்வாகிகளிடமும் இந்த மிம்பரிலிருந்தே கேட்கிறேன். கல்யாண உதவிக்குக் காட்டும் தாராளத்தை இதற்கும் காட்டுங்கள்.

தொழுகைக்குப் பிறகு ஆபீஸ் ரூமில் இருப்பேன். இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் வந்து சொல்லுங்கள். பெயரை வெளியில் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை காலை திருப்பத்தூர் போக ஆட்டோவும், கூட வர ஒரு ஆளும் ஏற்பாடு செய்யலாம். பிள்ளையின் தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள்.